ஒரு வரிசைக்கு மட்டும் வந்த வறட்சி

கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்கள். பேப்பரில் வந்த செய்தியைப் பெரிதாக்கி எடுத்தது. மேலே வெடித்துப்போன ஏரிப் படம். கீழே, இந்த வருஷம் வறட்சி வரும், சாப்பாட்டுச் சாமான் விலை ஏறும், ஒரு பருக்கையும் வீணாக்காதீர்கள் என்று எழுத்து. நான் படித்தது அஞ்சாவது வரைதான். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். படித்ததும் எனக்கு வறட்சி ஞாபகம் வரவில்லை. அந்த ஏரியை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. போன வருஷம் டிவியில் காட்டியதும் அதே ஏரிதான். ஓரத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடக்கும். அந்தச் செருப்பை இன்னும் யாரும் வந்து எடுத்துப் போகவில்லை.

ஓசூரில் வண்டிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனி. அதன் கேன்டீனில் பதினோரு வருஷமாகச் சோறு போட்டேன். கேன்டீன் நடத்துவது கம்பெனி இல்லை, காண்ட்ராக்டர். சாப்பிடும் கூடம் இரண்டு. மாடியில் நிரந்தர ஆட்கள், நீலச் சட்டை. கீழே ஒப்பந்த ஆட்கள், சாம்பல் சட்டை. சமையல் ஒன்றுதான். ஒரே அடுப்பு, ஒரே அண்டா. மாடிக்கு லிப்டில் ஏறிப் போகும். கீழே தள்ளுவண்டியில் வரும். நான் கீழே போடுகிறவள். மாடியில் போடுகிறவள் வேறு ஒருத்தி. மாடிக்குப் போக எனக்கு வேலை வந்ததில்லை.

வறட்சி எனக்குப் புதிது இல்லை. எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். கல்யாணம் ஆகி ஏழெட்டு வருஷத்தில் ஒரு வறட்சி வந்தது. மூன்று இடத்தில் போர் போட்டோம். மூன்றிலும் புழுதிதான் வந்தது. மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டோம். களியும் கொள்ளுச் சாறும் தின்றோம். அப்புறம் கொள்ளும் இல்லை, வெறும் களி, மிளகாய். மாமரம் பிஞ்சைக் கொட்டிவிட்டு நின்றது. அப்போது யாரும் எந்தத் தாளையும் ஒட்டவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் தெரிந்தது. அந்த வருஷம்தான் நான் ஓசூருக்கு வந்தேன்.

அதனால் வறட்சியே பொய் என்று சொல்ல வரவில்லை. சில வருஷம் மழை வராது. அது வானத்தின் வேலை. அதைச் சொல்லிக்கொண்டு நம்மிடம் வருகிறானே, அவனைத்தான் நான் நம்புவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு காய்கறிக் கடை. டிவியில் வறட்சி என்று சொன்ன சாயங்காலமே கடைக்காரர் வெங்காய விலையை ஏற்றினார். மூட்டை காலையில் இறங்கியது. வேலைக்குப் போகும்போது என் கண்ணால் பார்த்தேன். காலையில் இறங்கின வெங்காயத்துக்குச் சாயங்காலம் எப்படி வறட்சி வந்தது என்று கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "நீங்க டிவி பாக்கறதில்லயாக்கா" என்றார். அவ்வளவுதான் பதில். நான் அரைக் கிலோவைக் கால் கிலோ ஆக்கிக்கொண்டு வந்தேன்.

தாள் ஒட்டின மறுநாள் காண்ட்ராக்டர் வந்தார். அவர் மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் அதிகம். கார் சமையல்கட்டு வாசல் வரை வரும். எங்களை எல்லாம் அண்டா பக்கத்தில் நிற்கவைத்துப் பேசினார். அரிசி ஏறப்போகிறது, பருப்பு ஏறப்போகிறது, தக்காளியைத் தொடவே முடியாது, நாம் எல்லாரும் கொஞ்சம் அனுசரித்துப் போகணும் என்றார். தன் வீட்டிலேயே இப்போது ஒரு வேளை சமையலைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். சொல்கிறவருக்கு பெல்ட் கடைசி ஓட்டையில் நின்றது. நடுவில் போன் வந்தது. கன்னடத்தில் சிரித்துப் பேசினார். ஏதோ புது இடம் முடிந்துவிட்டதாம், ரிஜிஸ்டர் பண்ண எப்போது வரலாம் என்று கேட்டார். எங்களுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்திருப்பார். ஓசூரில் பதினோரு வருஷம் இருந்தவளுக்குக் கன்னடம் தெரியாதா.

போகும்போது ஒரு அட்டைப்பெட்டியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே புதுக் கரண்டி.

கரண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கேன்டீனில் சோறு போடுவது குழிக்கரண்டியில். ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி, குவித்து. கேட்டால் அப்புறம் அரைக் கரண்டி. கரண்டிதான் சட்டம். நான் போடும்போது கடைசியில் கையை ஒரு உதறு உதறுவேன். கொஞ்சம் கூட விழும். அது கொசுறு. அதை யாரும் சொல்லித்தரவில்லை. காலையில் வெறும் டீ குடித்துவிட்டு ஆறு மணிக்கு மெஷினில் நிற்கிறவர்கள் தட்டு நீட்டுகிற விதத்தைப் பார்த்தால் கை தானாக உதறும். அந்தப் பழைய கரண்டிக்கு ஒரு பக்கம் நசுங்கி இருக்கும். பிடியில் என் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் அளவு தப்பாது.

புதுக் கரண்டி பளபளவென்று இருந்தது. பிடி நீளம் அதே. குழிதான் சின்னது. பார்த்தால் சட்டென்று தெரியாது. நான் இரண்டிலும் தண்ணீர் மொண்டு டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். பழையதில் நிறைய இரண்டு டம்ளர். புதியதில் ஒன்று, அப்புறம் ஒரு கால். சமையல் மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். சேலத்துக்காரர், அறுபதை நெருங்கினவர், முட்டி வலிக்காரர். அளந்து என்ன செய்யப்போகிறாய் என்றார். பிறகு சட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

கேட்டால் போடும் அரைக் கரண்டியும் நின்றது. ரசம் வேண்டுமானால் கேட்கலாம், சோறு கேட்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னான். சின்ன வயசுக்காரன், என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். அவனும் காண்ட்ராக்டர் ஆள்தான். அவனும் கீழேதான் சாப்பிடுவான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். சொன்னதைச் செய்கிறவன்.

கூடத்து வாசலில் ஒரு பலகை உண்டு. இன்று வீணான சாப்பாடு இத்தனை கிலோ என்று தினமும் அதில் எழுதுவான். எச்சில் டிரம்மை எடை போட்டு எழுதுவது. புதுக் கரண்டி வந்த வாரத்தில் அந்த எண் இறங்கிக்கொண்டே போனது. காண்ட்ராக்டர் போனில் அவனைப் பாராட்டினாராம். விழிப்புணர்வு வந்துவிட்டது என்றாராம். தட்டுகளை நான் பார்த்தேன். விரலால் வழித்து நக்கின தட்டுகள். கறிவேப்பிலையைக்கூடத் தின்றிருந்தார்கள். அதற்குப் பெயர் விழிப்புணர்வு.

என் வரிசையில் ஒரு பெண் வருவாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். இருபத்தஞ்சு இருக்கும். பிரஸ் மெஷினில் நின்றபடி வேலை. ஐந்து பேரோடு ஒரு அறையில் இருக்கிறாள். காலையில் டீ. ராத்திரி இரண்டு தோசையோ பன்னோ. பகலில் நான் போடுகிற சோறுதான் அவளுக்குச் சோறு. மீதி எல்லாம் ஊருக்குப் போகிறது. அவள் ஒருத்திதான் தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பாள். மற்றவர்கள் கரண்டியைப் பார்ப்பார்கள்.

புதுக் கரண்டி வந்து நாலாவது நாள். அவளுக்குப் போட்டேன். உதறினேன். உதறினால் விழ அதில் என்ன இருக்கிறது. அவள் தட்டை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்க வூட்டு அரிசியாக்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா புதுசா நகை வாங்கப்போகுது, அதுக்குத்தான் மிச்சம் பிடிக்குது என்றான் ஒருத்தன். அடுத்த தட்டுக்குப் போட்டேன்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவள்மேல் இல்லை. அவளுக்கு என்ன தெரியும். அவளுக்குத் தெரிவது என் கை. தாள் ஒட்டினவனை அவள் பார்த்ததில்லை. கரண்டி வாங்கினவனைப் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் உதறின கையைப் பார்த்து உன் வீட்டு அரிசியா என்று கேட்கவைத்தான் பார், அவன்மேல். அவன் காரில் போய்விட்டான். திட்டு வாங்க நான் நிற்கிறேன்.

ரெண்டு நாள் கழித்து அந்தப் பெண் கை கழுவும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றல். நான் உப்பும் மோரும் கொடுத்தேன். ஒன்றுமில்லைக்கா என்றாள். பிரஸ் மெஷினில் கை வைத்து எடுக்கிற வேலை. தலை சுற்றுகிறவள் செய்கிற வேலை இல்லை அது. எழுந்து போய்விட்டாள். தலைக்கு மேலே அந்தச் செருப்பும் ஏரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் இன்னும் ஊரில் இருக்கிறான். முக்கால் ஏக்கர் தக்காளி, குச்சி நட்டுக் கட்டினது. போய்ப் பார்த்தால் செடியெல்லாம் சிவப்பு. பறிக்கவில்லை. இரண்டு மாடு உள்ளே நின்று தின்றுகொண்டிருந்தன. விரட்டப் போனேன். அண்ணன், விடும்மா, நான்தான் விட்டேன் என்றான்.

அப்புறம் சொன்னான். வறட்சி வருகிறது, போரில் தண்ணீர் நின்றுவிடும் என்று எல்லாருக்கும் போனில் வந்ததாம். எல்லாரும் பயந்துபோய் காய் பழுக்குமுன்னே பறித்து ஒரே நேரத்தில் மண்டிக்கு அனுப்பினார்களாம். மண்டியில் பெட்டி பெட்டியாகக் குவிந்துவிட்டது. தரகர் தொடவே இல்லையாம். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் இருந்து போட வேண்டும். அதனால் மாட்டுக்கு.

"உங்க ஓசூர்ல தக்காளி என்ன வெலை?" என்று கேட்டான்.

சொன்னேன். அவன் கையில் இருந்த தக்காளியைப் பார்த்தான். மாட்டுப் பக்கம் போட்டான். போய்க் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

எனக்கு அங்கேதான் புத்தி கெட்டது. நான் என்ன நினைத்தேன் என்றால், கேன்டீனில் தக்காளி இல்லை என்றுதானே அனுசரிக்கச் சொன்னார்கள். இங்கே மாடு தின்கிறது. நாலு பை கொண்டுபோய்க் கொடுத்தால் காண்ட்ராக்டருக்குச் செலவு மிச்சம். அண்ணனுக்கு வண்டி வாடகையாவது வரும். மிச்சமானால் பழைய கரண்டியை எடுப்பார்கள். இப்படி நினைத்தேன். சொன்ன காரணத்தையே நிஜக் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. இல்லை என்று ஒருவன் சொன்னால் இருக்கிறதைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

திங்கட்கிழமை முதல் பஸ். நாலு பை. இரண்டு பஸ் மாற வேண்டும். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். தக்காளி என்று தெரிந்ததும் பஸ்ஸே சிரித்தது. இவ்வளவு சொத்தை எடுத்துக்கொண்டு துணைக்கு ஆள் இல்லாமல் வரலாமா, போலீஸ்காரர் ஒருத்தரைக் கூட்டி வந்திருக்கலாமே என்றார் ஒரு பெரியவர். பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிக்க முடிந்தது.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. வெளிச் சாமான் உள்ளே போகக் கூடாது. சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன். அவன் வந்து பைகளைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். பில் இருக்கா என்றான். இல்லை. சப்ளை பண்ண நம்பர் வாங்கியிருக்கா என்றான். அண்ணன் தோட்டம்டா தம்பி என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு என்மேல் பாவமாக இருந்திருக்கும். செக்யூரிட்டி காதில் விழாமல் தள்ளி அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னான்.

"தக்காளிக்கும் கரண்டிக்கும் என்னக்கா சம்பந்தம்?"

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் கீழே பார்த்தான். தக்காளி எப்போதும்போலத்தான் வருது, நீங்க சமையல்கட்டுப் பின்னால போய்ப் பாக்கலயா என்றான்.

பைகளை கேட் பக்கத்து டீக்கடையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். சமையல்கட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். நீலப் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு. எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் மூன்று எழுத்து. அண்ணன் சரக்குப் போடுகிற மண்டியின் எழுத்து. அவன் வீட்டுக் கொட்டகையில் இதே பெட்டி, இதே எழுத்து, நேற்றுத்தான் பார்த்தேன். அங்கே மாட்டுக்கு. இங்கே தொடவே முடியாது. நடுவில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ரோடு. அந்த ரோட்டில்தான் எங்கேயோ வறட்சி.

நாலு பையையும் டீக்கடைக்காரரே எடுத்துக்கொண்டார். பதிலுக்கு எனக்கு ஒரு டீ.

அந்த வாரம் மாடியில் போடுகிறவள் மகள் பிரசவத்துக்குப் போனாள். மூன்று நாள் என்னை மேலே போகச் சொன்னார்கள். லிப்டில் சோற்றோடு ஏறினேன். மாடிக் கூடத்தில் சீலிங் பேன் நிறைய. தண்ணீர் குளிர்ந்து வந்தது. அதெல்லாம் தெரிந்த விஷயம்தான். நான் பார்த்தது வண்டியில் சொருகியிருந்த கரண்டியை. பழைய கரண்டி. என்னுடையது இல்லை, அதே மாதிரி நிறைய இரண்டு டம்ளர் பிடிக்கிறது. கேட்டால் அரைக் கரண்டியும் உண்டாம். அப்பளமும் போட்டார்கள். கை கழுவும் இடத்துக்கு மேலே சுவர் சும்மா இருந்தது. தாள் ஒட்டவில்லை.

வறட்சி மாடி ஏறவில்லை.

மூன்று நாளும் போட்டேன். உதறவில்லை. மூன்றாம் நாள் போட்டுக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். ரொம்ப யோசிக்கவில்லை. யோசித்தால் செய்திருக்க மாட்டேன்.

மறுநாள் நான் மறுபடி கீழே. கரண்டிகள் கழுவி ஒரே கம்பியில் மாட்டியிருக்கும்; மாடிக்கு எது போகிறது என்று அதுவரை நான் கவனித்ததில்லை. சமையல் முடிந்ததும் அவரவர் வண்டியில் எடுத்துச் சொருகுவோம். நான் முதலில் போய்ப் பெரியதை என் வண்டியில் சொருகினேன். சின்னதை லிப்ட் வண்டியில் சொருகினேன். மாஸ்டர் பார்த்தார். அன்றைக்கும் பார்க்காதது மாதிரி சட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்கு நன்றி உண்டு.

கீழே எல்லாருக்கும் போட்டேன். உதறினேன். அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மாடியில் பத்துத் தட்டுக்கூடப் போயிருக்காது. சத்தம் கீழே வரை கேட்டது. தட்டைக் கவிழ்த்துத் தட்டினார்கள். சங்கத்துக்காரர் வந்தார். கம்பெனி ஆபீசர் வந்தார். காண்ட்ராக்டர் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். போன வாரம் ஒரு பெண் தலை சுற்றி உட்கார்ந்தபோது யாருக்கும் யாரும் போன் பண்ணவில்லை. பத்துத் தட்டுச் சோறு குறைந்ததற்குக் கார் பறந்து வந்தது.

யார் மாற்றினது என்று கேட்டார். நான்தான் என்றேன். மாறிப்போச்சா, மாற்றினியா என்றார். மாற்றினேன் என்றேன். அவருக்கு அது பிடிபடவில்லை. இல்லை என்று சொல்வேன், அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். ஆபீசர் பக்கத்தில் இருந்ததால் சத்தமும் போட முடியவில்லை. ஏம்மா இப்படிப் பண்ணினே, நிலைமையத்தான் அன்னைக்கு எடுத்துச் சொன்னேனே என்றார்.

"மேல வறட்சி இல்லீங்களா?" என்றேன்.

ஆபீசர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். மேலே உடனே சரிபண்ணச் சொல்லிவிட்டுப் போனார். கீழே என்ன கரண்டி என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதுவும் அந்தத் தக்காளிப் பை மாதிரிதான்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆள் கிடைப்பது கஷ்டம். பாத்திரம் கழுவப் போட்டார்கள். என் இடத்துக்கு ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. யார் என்ன கேட்டாலும் புரியாது. காண்ட்ராக்டர் யோசித்துத்தான் போட்டிருப்பார். மறுநாள் கீழே மறுபடி சின்னக் கரண்டி.

ஒரு நாள் நீலச் சட்டைக்காரர் ஒருத்தர், வயசானவர், கழுவும் இடத்துக்கு வந்தார். கீழே அளவு வேறு என்று அவர்களுக்குத் தெரியாது என்றார். நல்ல மனுஷர். தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க என்று கேட்டேன். கையில் இருந்த தட்டைத் தொட்டியில் வைத்தார். பிறகு போய்விட்டார்.

கழுவும் இடத்தில் தட்டு எல்லாம் தெரியும். மாடித் தட்டில் சோறு ஒட்டியிருக்கும், அப்பளத் துண்டு இருக்கும், சில நாள் பாதிச் சோறு இருக்கும். கீழ்த் தட்டு கழுவின தட்டு மாதிரி வரும். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவுவேன்.

அப்புறம் மழை வந்தது. சொல்லாமல் வந்தது. இரண்டு வாரம் விட்டு விட்டுப் பெய்தது. எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கோடி போனதாக அண்ணன் போனில் சொன்னான். மாடு தின்று மிஞ்சின தக்காளி அழுகிவிட்டது என்றும் சொன்னான். நான் மறுநாள் போய்த் தாளைப் பார்த்தேன். அது இல்லை. அதே இடத்தில் வேறு தாள். கன மழையால் வரத்து குறைவு, காய்கறி விலை உயரும், சிக்கனமாக இருப்போம். படம் மட்டும் வேறு. தண்ணீரில் ஒரு வீடு மூழ்கியிருந்தது.

மழை பெய்தது. கரண்டி பெரிதாகவில்லை.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது சின்னக் கரண்டி என் கையில் இருந்தது. பக்கத்தில் எச்சில் டிரம். பன்றிப் பண்ணைக்காரர் தினமும் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார். கரண்டியை உள்ளே விட்டேன். சோற்றுக்குள் இறங்கிவிட்டது. சத்தம்கூட வரவில்லை.

இரண்டு நாள் தேடினார்கள். பழைய கரண்டி ஸ்டோரில் இருந்தது, அதை எடுத்துப் போட்டார்கள். நாலாம் நாள் காண்ட்ராக்டர் புதுச் சின்னக் கரண்டி அனுப்பினார். அதுவும் ஒரு வாரம்தான் இருந்தது. மூன்றாவது பத்து நாள். நான் நாள் பார்த்துச் செய்வதில்லை. கையில் வந்து, ஆள் இல்லை என்றால் செய்வேன்.

மூன்றாவது போனபோது சூப்பர்வைசர் கழுவும் இடத்துக்கு வந்தான். எங்கக்கா போவுது என்று கேட்டான். நான் தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

"கரண்டிக்கு வறட்சி தம்பி. வரத்து கொறஞ்சுபோச்சு."

அவன் டிரம்மைப் பார்த்தான். கையை விட்டுத் தேட அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. தேடவில்லை. சரிக்கா என்றான். காண்ட்ராக்டரிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. நாலாவது கரண்டி இதுவரை வரவில்லை. கீழே பழைய கரண்டிதான் ஓடுகிறது. ஒடிசாப் பெண் உதறுவதில்லை. ஆனால் கை தாராளம். குவித்துப் போடுகிறாள்.

அந்தத் திருவண்ணாமலைப் பெண் இப்போது தட்டை அவளே கொண்டுவந்து என் தொட்டியில் போடுகிறாள். நேற்று அவள் தட்டில் ஒரு மிளகாய், கறிவேப்பிலை, நாலு பருக்கை மிச்சம் இருந்தது. நான் அதை டிரம்மில் தட்டினேன்.

வாசல் பலகையில் எழுதுகிற எண் மறுபடி ஏற ஆரம்பித்திருக்கிறது. சூப்பர்வைசர் கவலைப்படுகிறான். வெங்காயம் ஏறினபோது, பருப்பு ஏறினபோது, யாரும் என்னைக் கேட்டுக்கொண்டு ஏற்றவில்லை. இது ஏறட்டும்.